ஒற்றைச் சாய்கோடு

க்ளைப்பெடா துறைமுகத்தில் இரவு இரண்டே கால்.
நேற்று மாலைதான் பழைய வழங்கியை அணைத்துப்
புதியதற்குக் குடிபெயர்த்தார்கள்.
படகு நேரங்கள் இருக்க வேண்டிய பக்கத்தில்
இப்போது வெள்ளை. நடுவே ஐந்நூறு என்ற எண்.
ஜிவிலே பதிவேட்டைத் திறக்கிறாள்:
அப்படி ஒரு கோப்பு இல்லை.
அப்படி ஒரு கோப்பு இல்லை.
நிமிடத்துக்கு ஒரு தரம்,
கடன்காரனுக்குக் கதவு திறக்காத வீட்டின் குரலில்.

இல்லாமல் எங்கே போகும்?
இதோ, நிரலுக்குப் பக்கத்திலேயே,
ஒரே அடைவில், தோள் உரசிக்கொண்டு.
கையில் வெண்ணெய்; ஊரெல்லாம் நெய் தேடல்.

முதலில் தன் பெயரையே சந்தேகித்தாள்.
அடைவுக்கு அவள் பெயர்தான் வைத்திருந்தாள்.
அதன் கடைசி எழுத்துக்கு அவள் மொழியில்
தலைமேல் ஒரு புள்ளி உண்டு,
நம் மெய்யெழுத்துக்கு இருப்பதுபோல.
நம் புள்ளி ஒலியை அரையாக்கும், அவளுடையது நீட்டும்.
சில எந்திரங்களுக்கு இரண்டுமே தூசி.
புள்ளியை எடுத்தாள். பெயர் மொட்டையாயிற்று.
அப்படி ஒரு கோப்பு இல்லை.

பிறகு, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா.
எய்மந்தாஸின் மடிக்கணினி இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது;
இந்த வழங்கி, எழுத்தின் உயரம் பார்த்துத்தான்
வாசலில் உட்கார வைக்கும்.
திருத்தினாள்.
அனுமதிகள்? யாரும் படிக்கலாம்.
அப்படி ஒரு
போதும், தெரியும்.

எழுதிய எய்மந்தாஸ் மார்ச்சில் வேலையை விட்டு
கடலில் காற்றாலை நடும் கப்பலுக்குப் போய்விட்டான்.
மூல வரிகள் இருந்த மடிக்கணினியை
அலுவலகம் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.
மிஞ்சியது தொகுத்து மூடிய இந்த ஒன்றுதான்.
தேங்காயை உடைத்தால் தண்ணீராவது வரும்;
இதை உடைத்தால் பூஜ்யமும் ஒன்றும் கொட்டும்.

மூன்று மணிக்கு அவனை அழைத்தாள்.
காற்றின் இரைச்சலுக்குள்ளிருந்து கத்தினான்:
"என் மேசையில் ஓடியதே!"
அவரவர் மேசையில் எல்லாம் ஓடும், எய்மந்தாஸ்.
ஏதோ இரும்பு இரும்பில் மோதியது. அப்புறம்,
"எங்கே நின்று தேடுகிறது என்று கேட்டாயா?"
இணைப்பு அறுந்தது.

இரண்டே வரியில் ஒரு குட்டி நிரல் எழுதி
பெரியதன் நாற்காலியில் உட்கார வைத்தாள்,
அதே ஆணை, அதே வேலையாளின் பெயரில்.
வழங்கியில் அந்த வேலையாளின் பெயர் 'யாருமில்லை'.
வீடு இல்லை, கடவுச்சொல் இல்லை,
இரவெல்லாம் ஏவியதைச் செய்வது மட்டும் உண்டு.

யாருமில்லை, எங்கே நிற்கிறாய்?

பதில் வந்தது, ஒரே குறியில்:

/

ஜிவிலே சிரித்தாள். காலி அலுவலகத்தில்
அது தும்மல் மாதிரி கேட்டது.
எல்லா அடைவுகளுக்கும் மேலே, எதற்குள்ளும் போகாமல்,
மொட்டை மாடியில் நின்றுகொண்டு
அடுக்களையில் இருக்கும் உப்பைக்
கை நீட்டித் தேடியிருக்கிறது.

எய்மந்தாஸ் எப்போதும் தன் அடைவுக்குள் நின்றே ஓட்டினான்.
அதனால் தான் நின்ற தரையை
முகவரியில் எழுதத் தோன்றவில்லை.
யாருக்குத் தோன்றும்?
"அந்தப் பக்கம் இருக்கு பார்" என்கிறோம்,
தொலைபேசியில் கூட.

நிரலைத் திறக்க முடியாது. ஆனால்
ஓடுமுன் அதைக் கைபிடித்து நிறுத்தி வைக்கலாம்.
அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள்:
முதலில் இங்கே வந்து நில்.
சேவையை மறுபடி கிளப்பினாள்.

நான்கு பத்து. நேரங்கள் வரிசையாய் ஏறி வந்தன.
துணிந்து புள்ளியைத் தன் பெயரில் திரும்ப வைத்தாள்,
அமைப்பு வரியிலும்.
மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.
பக்கம் விழவில்லை.

கீழே படகுத்துறையில்
ரொட்டித் தட்டுகள் அடுக்கிய வேனின் மேல் சாய்ந்து
ஸ்கிர்மந்தாஸ் முதல் படகுக்கு நிற்கிறான்,
பனிமூட்டம் தெரியாமல் தூங்கி வழிந்தபடி.
இருபது வருடமாக இந்நேரம் இங்கே நிற்பவன்.
அந்தப் பக்கத்தை அவன்
ஒரு தரம்கூடத் திறந்ததில்லை.